84 கிலோ பித்தளை

அம்மாவின் பாத்திரங்களை எடைக்குப் போட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாவில் நான் போடும் உருளி, கூஜா படங்களைப் பார்த்துவிட்டு "நம்ம பாரம்பரியத்தைக் காப்பாத்துறீங்க அண்ணா" என்று யாராவது எழுதும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காப்பாற்றுகிற ஆள் இல்லை நான். தொலைத்தவன். தேடப் போன இடத்தில் அப்படியே இதுவே வேலையாகிவிட்டது.

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் அம்மா போனார். நான் சென்னையில், அக்கா சிங்கப்பூரில். நான் மயிலாடுதுறை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் கட்டி வைத்திருந்தார்கள், முகம் பார்க்க முடியவில்லை. அக்காவால் கிளம்பவே முடியவில்லை, வீடியோ காலில் ஆம்புலன்ஸின் பின்கதவைத்தான் பார்த்தாள். பதினாறாம் நாள் காரியம்கூட நாலே பேரோடு முடிந்தது.

எங்கள் வீடு குத்தாலத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில். ஓட்டு வீடு, திண்ணை, ரேழி, முற்றம், கொல்லையில் கிணறு. தாத்தா காலத்து வீடு, சித்தப்பாவோடு பாகம் பிரித்து விற்பதாக முன்பே பேச்சு முடிந்திருந்தது. ஆவணியில் பத்திரம் பதிந்ததும் வாங்கியவர் ஒரு வாரத்தில் காலி செய்து தரச் சொன்னார், அவர் மேல் தப்பில்லை, இடித்துவிட்டு மாடி வீடு கட்டுகிற அவசரம் அவருக்கு. நான் தனியாகத்தான் போய்க் காலி செய்தேன். மனைவிக்கும் பெண்ணுக்கும் காய்ச்சல் வந்து அப்போதுதான் எழுந்திருந்தார்கள்.

பரணில் ஏறிப் பார்த்தால் பித்தளை, பித்தளை, பித்தளை. அண்டா, குண்டான், வாய் அகன்றது, வாய் குறுகியது, வளையம் வைத்தது, மூக்கு வைத்தது. எதற்கு எது என்று ஒன்றுக்காவது பேர் தெரியுமா எனக்கு? நாற்பது வருஷம் அந்தச் சமையலைச் சாப்பிட்டவன், சமையலறைக்குள் தண்ணீர் குடிக்க மட்டும் போனவன். இறக்கி வைக்க வைக்க ரேழி நிறைந்தது, சென்னையில் எனக்கு இருந்தது இரண்டு அறை வீடு. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் தராசோடு வந்தார். கிலோ 330 ரூபாய், மொத்தம் 84 கிலோ. வெண்கலத்துக்கும் பித்தளைக்கும் ஒரே விலை போட்டார், இரண்டும் வேறு என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அழுக்காக வெள்ளை நிறத்தில் ஒரு சொம்பு இருந்தது, கையில் எடுத்தால் கனம், கொஞ்சம் நசுங்கியிருந்தது. அலுமினியம் என்று நினைத்து அலுமினியக் குவியலில் போட்டுவிட்டேன்.

அது ஈயச்சொம்பு. அம்மா தினமும் ரசம் வைத்தது அதில்தான்.

பணத்தில் பாதியை அக்காவுக்கு அனுப்பினேன். அவள் கூப்பிட்டாள். "என்ன காசுடா இது?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஈயச்சொம்பு எங்கடா?" என்று கேட்டாள். அலுமினியத்தோடு போட்டுவிட்டேன் என்று சொன்னதும் போனை வைத்தவள்தான், எட்டு மாதம் பேசவில்லை. பணம் அப்படியே திரும்பி வந்தது.

தூக்கமில்லாமல் போனது அதற்குப் பிறகுதான். அம்மா போன துக்கமா, அக்கா பேசாததா, ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டதா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வேலையில் தப்புத் தப்பாகச் செய்தேன், அவர்களும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். டாக்டரிடம் போனேன், மாத்திரை கொடுத்தார், சாப்பிட்டேன், கேட்டது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன், பாத்திரம் தேய்த்தே எல்லாம் சரியானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 தையில் குடும்பத்தோடு கும்பகோணத்துக்கே வந்துவிட்டோம். மனைவியின் ஊர். ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது, மதியம் இரண்டு மணிவரை.

இரண்டு மணிக்கு மேல் என்ன செய்வது? தேடப் போனேன்.

முதலில் அந்த இரும்புக் கடைக்காரரிடம். "அதெல்லாம் அன்னைக்கே லாரி ஏறிடுச்சு தம்பி" என்றார். எங்கே போயிருக்கும் என்று கேட்டதற்கு, பாத்திரம் நன்றாக இருந்தால் கும்பகோணம் கடைகளுக்கு, உடைசல் என்றால் உருக்க, என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைத் தராசில் தூக்கி வைத்தார். நாச்சியார்கோயில் கும்பகோணத்திலிருந்து பக்கம்தான், பைக்கில் போய்விட்டேன். குத்துவிளக்குப் பட்டறைகள் அங்கே தெரு முழுக்க. விளக்கை ஒரே வார்ப்பாக வார்ப்பதில்லை, அடி தனி, தண்டு தனி, எண்ணெய்த் தட்டு தனி, உச்சியில் அன்னம் தனி, எல்லாம் கடைசலில் இழைத்து மரை போட்டு ஒன்றோடு ஒன்று திருகுகிறார்கள். ஒரு பட்டறை மூலையில் பழைய பித்தளைக் குவியல் கிடந்தது, நசுக்கிய சொம்பு, குழாய், கைப்பிடி, நாலாக மடித்த தாம்பாளம். உருக்குகிற மூசைக்குள் அவை ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அங்கிருந்த பெரியவர் ஒருவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்ன தேடுற?" என்றார். சொன்னேன். "எப்போ போட்டே?" ஆவணியில் என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார். "இந்நேரம் யார் வீட்டுலயாவது வெளக்கா எரிஞ்சிக்கிட்டு இருக்கும், போ" என்றார். ஆறுதலா, கேலியா தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பிறகு கும்பகோணம் பெரிய கடைத் தெரு. புதுப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்வார்கள், அந்தப் பழசெல்லாம் கடைகளின் பின்கட்டில் சாக்குச் சாக்காகக் கிடக்கும். தினமும் மதியம் போய் நின்றால் எந்தக் கடைக்காரர்தான் விடுவார், முதல் வாரம் துரத்தினார்கள். பிறகு ஒரு கடையில் வயதான கணக்குப்பிள்ளை மட்டும், "சும்மா நிக்கிறதுக்கு இதைப் பிரிச்சுப் போடு" என்று ஒரு சாக்கைத் தள்ளினார். பித்தளை ஒரு பக்கம், வெண்கலம் ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம். எப்படித் தெரியும் என்றேன். ஒரு பானையை விரல் முட்டியால் தட்டினார், கோயில் மணி மாதிரி கணீரென்று நின்று அடங்கியது. "வெண்கலம்." இன்னொன்றைத் தட்டினார், டங்கென்று உடனே செத்துப்போனது. "பித்தளை." செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது முதலாவது, செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது இரண்டாவது. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான், கேட்கத் தெரிந்த காதுக்கு வேறு வேறு. வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி என்று சொல்வார்களே, ஏன் பித்தளைக் கடை என்று சொல்லவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். பழைய அண்டாவின் அடியைத் திருப்பிப் பார்த்தால் தகட்டை ஒட்டிய இடம் பல் பல்லாகக் கோத்தது போலத் தெரியும், கையால் அடித்துச் சேர்த்தது. இப்போது புதுப் பாத்திரத்தை அமிலம் தடவி மண்ணில் புதைத்து எடுத்துப் பழசு என்று விற்கிறார்கள், கறுப்பு மேலே மட்டும் சீராக இருக்கும். உண்மையில் பழசானது அப்படிச் சீராகக் கறுக்காது. கை படுகிற இடம் மழுங்கியிருக்கும், அடுப்பு பட்ட அடி ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லுவார், ஒட்டினால் இரும்புக்கு முலாம் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தச் சாக்கில் ஒன்று, உடம்பு பருத்து வாய் குறுகி, விளிம்பு வெளியே வளைந்து. எங்கள் பரணில் இதே மாதிரி ஒன்று இருந்ததாக ஞாபகம். 1,100 ரூபாய்க்கு எடைபோட்டு வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்ததும் மனைவி கேட்டாள், "என்னங்க இது?" எனக்கே தெரியாதே. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், சித்தி அத்தை யாராவது சொல்வார்கள் என்று, இது என்ன பாத்திரம் என்று போட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு, சிங்கப்பூரில் அப்போது இரண்டு மணி, அக்காவிடமிருந்து வந்தது.

"தவலை. தவலை அடை தின்னவனுக்குத் தவலை தெரியலையாக்கும்."

எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அது. திட்டுதான். ஆனாலும் அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. மறுநாள் கடைக்குப் போய் இன்னொரு பேர் தெரியாத பாத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், குழுவில் இல்லை, நேராக அவளுக்கே. "சருவம்" என்று மட்டும் வந்தது. அதற்கு மறுநாள் "கங்காளம்". நாலாவது நாள் நான் அனுப்பவில்லை, சாயங்காலம் அவளே கேட்டாள், "இன்னைக்கு ஒண்ணும் இல்லையா?"

இப்படித்தான் என் படிப்பு நடந்தது. சில சமயம் ஒற்றை வார்த்தை, சில சமயம் ஒரு பத்தி. இந்த அடுக்கில் அம்மா மாவடு போட்டு வைப்பாள் என்பாள், போட்டது ஜாடியில் என்று சித்தி திருத்துவாள், இரண்டு பேரும் சண்டை போடுவார்கள், நான் வேடிக்கை பார்ப்பேன். பித்தளையில் புளிப்பு வைக்கக் கூடாது என்பது அந்தச் சண்டையில்தான் எனக்குத் தெரிந்தது. புளிப்பில் செம்பு கரைந்து களிம்பு ஏறும், சாப்பிட்டால் வாந்திதான், அதனால்தான் உள்ளே ஈயம் பூசுகிறார்கள். ஈயம் பூசுவதை நான் கும்பகோணத்தில் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாத்திரத்தைக் கரி அடுப்பில் காயவிட்டு, நவச்சாரத்தை உள்ளே தூவினால் குப்பென்று வெள்ளைப் புகை, அது அழுக்கை அறுத்துவிடுகிறது, உடனே வெள்ளீயக் கம்பியை ஒரு தேய்ப்பு, பஞ்சை வைத்து ஒரு சுழற்று, கண் இமைப்பதற்குள் உள்பக்கம் முழுக்க நிலா மாதிரி ஆகிவிடும். சின்ன வயசில் எங்கள் தெருவில் "பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வருவார்கள், நான் ஏதாவது ஓட்டை டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், அம்மா வாசலுக்கே வந்து பிடுங்கிக்கொண்டு போவார். அம்மா பேரீச்சம்பழத்துக்குக் கொடுக்காததை நான் கிலோ 330-க்குக் கொடுத்தேன். சரி, விடுங்கள்.

தேய்ப்பது பற்றிக் கொஞ்சம். எனக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் கொல்லைப்புறத்துக் குழாயடியில் உட்கார்ந்து தேய்ப்பேன். பழம்புளியை ஊறவைத்து, உப்புக் கலந்து, தேங்காய் நாரால். புளியில் இருக்கிற அமிலம் கறுப்பைக் கரைக்கிறது, அது ஒன்றும் மந்திரமில்லை. ஆனால் கறுப்புக்குள்ளிருந்து முதல் கோடு மஞ்சள் எட்டிப் பார்க்கும் இடம் இருக்கிறதே, அந்த இடம் வரும்வரை கை நிறுத்தாது. மணி இரண்டு இருக்கும், மூன்று இருக்கும், தெரியாது. பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் மாடியிலிருந்து, "தம்பி, வேலைக்காரி வெச்சிக்கலையா?" என்று கேட்டார். அந்த வேலையில் மனசு ஓட இடமில்லை, அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. கை வலிக்கும், தூக்கம் வரும்.

அப்படித் தேய்க்கும்போதுதான் பேர்கள் வெளியே வர ஆரம்பித்தன. நம் பக்கம் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். சின்ன உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதியிருக்கும், பெண்ணின் பேர், அப்பாவின் இனிஷியல், தேதி. சிலதில் "தலை தீபாவளி", சிலதில் "சீமந்தம்", சிலதில் "காதணி விழா அன்பளிப்பு". தப்பும் தவறுமாக, ஒரு கூஜாவில் "அண்பளிப்பு" என்றிருந்தது. ஒரு படியில் அரசாங்க முத்திரை இருந்தது, மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-ல் வந்து லிட்டரும் கிலோவும் பழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலத்தது, எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று அளந்த காலம். அதன் அடியில் யாரோ ஆணியால் கிறுக்கிய "ரா" என்ற ஒற்றை எழுத்து. பாகம் பிரிக்கும்போது யார் பங்கு என்று குறித்தது என்று கணக்குப்பிள்ளை சொன்னார்.

ஒரு நோட்டு வாங்கினேன். வாங்கும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு எண், எடை, எந்த ஊரிலிருந்து வந்தது, என்ன பேர் வெட்டியிருக்கிறது, எதற்குப் பயன்படுத்தினார்கள். விற்கும்போது அதைச் சின்னச் சீட்டில் எழுதிப் பாத்திரத்துக்குள் போட்டு அனுப்புவேன். எனக்கு யாராவது இதைச் செய்திருந்தால், அதாவது அந்த லாரியில் ஏறிய 84 கிலோவில் ஒன்றுக்காவது யாராவது சீட்டு எழுதி வைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன்.

விற்பனை எப்படி ஆரம்பித்தது என்றால், வீட்டில் இடமில்லாமல்தான். முப்பதாவது பாத்திரம் வந்தபோது மனைவி, "ஒண்ணு நாங்க இருக்கணும், இல்ல இதுங்க இருக்கணும்" என்றாள். பெண் எனக்கு இன்ஸ்டா கணக்கு தொடங்கிக் கொடுத்தாள். முதலில் போனது ஒரு வெண்கலப் பானை, கோயம்புத்தூருக்கு. 2,600-க்கு வாங்கியது, 4,000-க்குப் போனது, கூரியரில் அனுப்பிய செலவையும் பபிள் ஷீட்டையும் கழித்தால் கையில் நின்றது 900 சொச்சம். இப்போது நல்ல மாதம் என்றால் 20,000 வரும், ஆடியிலும் மார்கழியிலும் ஆறாயிரம்கூடத் தேறாது. ஆலை வேலையை விடவில்லை. விடும் யோசனையும் இல்லை. இதை மட்டுமே நம்பிப் பிழைக்கலாம் என்று ரீல்ஸ் போடுகிறவர்களை நம்பாதீர்கள்.

தை பிறந்தால் எங்கள் பக்கம் ஓட்டு வீடுகள் இடிபட ஆரம்பிக்கும், அப்போதுதான் எனக்குச் சரக்கு. கொத்தனார்கள் போன் செய்வார்கள். போய்ப் பரணில் ஏறுவேன். உ.வே.சாமிநாதையர் இந்தப் பக்கத்து ஆள்தான், பாபநாசம் பக்கம் உத்தமதானபுரம், 1880-லிருந்து கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், ஏடு தேடி வீடு வீடாக அலைந்தவர். அவர் தேடியது ஏடு, நான் தேடுவது அண்டா, இருந்தாலும் பரண் தூசி தும்மல் ஒன்றுதானே என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். ஒருமுறை உண்மையாகவே சுவடிக் கட்டு ஒன்று கிடைத்தது, வலங்கைமான் பக்கம். வீட்டுக்காரர் என்ன விலை போகும் என்று கேட்டார். தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், நான் தொட மாட்டேன் என்றேன். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள் கணக்கில் வரும், சுவடி என்றால் எழுபத்தைந்து வருஷமே போதும். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், நாட்டை விட்டு வெளியே அனுப்பவே முடியாது.

சிலை என்றால் இன்னும் கறார். நம் டெல்டாவில் அஸ்திவாரம் தோண்டினால் பஞ்சலோகம் கிடைக்கிற ஊர்கள் உண்டு. திருவாரூர் மாவட்டம் பத்தூரில் 1976-ல் மண்ணிலிருந்து வந்த நடராசர் லண்டனுக்குப் போய், வழக்கு நடந்து, 1991-ல்தான் ஊர் திரும்பினார். கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்திலிருந்து 2014-ல் வந்தார். என்னிடமும் ஒரு ஆள் துண்டில் சுற்றி ஒரு சின்ன அம்மன் கொண்டுவந்து, "வீட்டுப் பூஜையில இருந்தது" என்றார். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. அவிழ்க்கவே விடவில்லை, தாசில்தார் ஆபீஸ் இந்தப் பக்கம் என்று கை காட்டினேன். போனாரா, தெரியாது. அன்றைக்கு முழுக்க வயிற்றைக் கலக்கியது.

என்னை மாற்றிய ஆள் என்று ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால், திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு பாட்டி. எண்பது தாண்டியிருக்கும். மகன் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போகிறார், பாத்திரத்தையெல்லாம் கொடுத்துவிடுவதாக முடிவு. மகன் என்னோடு விலை பேசிக்கொண்டிருக்க, பாட்டி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, முந்தானையால் துடைத்து, என் பக்கம் வைத்தார். ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு வரி சொன்னார், நான் நோட்டில் எழுதினேன், மகன் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் பாட்டி உள்ளே போய் ஒரு முறத்தில் அரிசி எடுத்துவந்து, பதினொரு பாத்திரத்திலும் ஒவ்வொரு பிடி போட்டார். "வெறும் பாத்திரமா வீட்டை விட்டு அனுப்பக் கூடாது" என்றார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. 84 கிலோவையும் வெறுமையாக ஏற்றி அனுப்பியவன் நான், கவிழ்த்து, நசுக்கி, ஒன்றுக்குள் ஒன்று திணித்து. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமாக இருந்தது, அந்த மகன் பாவம் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டி மட்டும் காரணம் கேட்கவில்லை. "அழுவு, அழுவு" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அம்மா போனதற்கு நான் அதுவரை அழவில்லை என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

அன்றிலிருந்து நான் அனுப்பும் ஒவ்வொரு பாத்திரத்திலும் சீட்டோடு ஒரு பிடி அரிசி, பிளாஸ்டிக் பையில் கட்டி. அரிசியில் வண்டு இருந்தது என்று சென்னைக்காரர் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார்.

வாங்குகிறவர்களில் பாதிப்பேர் உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடத்தான் வாங்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, காசு காசுதான், உருக்குவதற்குப் பூ எவ்வளவோ தேவலை. எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். "வேற யாரோட பேரோ இருக்கே, பஃப் போட்டு அழிச்சுக் கொடுங்க" என்பார்கள். ஒன்பதாயிரம் ரூபாய் அண்டா ஒன்று இதனாலேயே போகாமல் நின்றது. கிரகப்பிரவேசத்துக்குக் கேட்டார்கள், "செத்தவங்க பேரா இருக்கும், ஆகாது" என்றார்கள். இருக்கலாம். அதற்காக அழிக்க மாட்டேன். நீங்கள் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய கடைத் தெருவில் அரை மணி நேரத்தில் உங்கள் பேரையே வெட்டித் தருவார்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த அண்டா இன்னும் எங்கள் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது, மனைவி அதில் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறாள்.

ஈயச்சொம்பு கதையைச் சொல்லாமல் விட்டால் அக்கா சும்மா விட மாட்டாள். அவளை முழுசாகச் சமாதானம் பண்ண ஒரு பழைய ஈயச்சொம்பைத் தேடிக்கொண்டே இருந்தேன். கிடைப்பது சுலபமில்லை, வெள்ளீயம் பித்தளையைவிடப் பல மடங்கு விலை, பழசெல்லாம் உருக்கப் போய்விடும். வெள்ளீயமா காரீயமா என்றும் பார்க்க வேண்டும், காரீயம் கலந்தால் விஷம். கடைசியில் சுவாமிமலைப் பக்கம் ஒரு வீட்டில் ஒன்று கிடைத்தது, சுத்தமானது. கொண்டுவந்து, ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கலாம் என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒழுகவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு ஈரம் காயட்டும் என்று கேஸ் அடுப்பைச் சின்னதாக வைத்து அதன் மேல் உட்கார வைத்தேன். போன் வந்தது. பேசிவிட்டு வந்து பார்த்தால் சொம்பு இல்லை, அடுப்புத் தட்டில் பாதரசம் மாதிரி ஒரு குட்டை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூறைத் தாண்டாது, அதனால் தாங்குகிறது, வெறும் சொம்பு ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பது தஞ்சாவூர் ஜில்லாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

உருகிய கட்டியைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "இது என்ன பாத்திரம்?" என்று கேட்டு. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வாய்ஸ் மெசேஜ் வந்தது, திறந்தால் முப்பத்தெட்டு வினாடியும் சிரிப்பு. அம்மா போனதற்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

போன வருஷம் ஐப்பசியில் அக்கா வந்தாள், பிள்ளைகளோடு. மயிலாடுதுறையில் துலா முழுக்கு நேரம், காவிரியில் ஒரு முங்கு போட்டுவிட்டு நேராக எங்கள் வீடு. மாடிப்படிக்குக் கீழே, ஹாலில், கட்டிலுக்கு அடியில் என்று அடுக்கியிருந்ததையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தாள். எதையும் தொடவில்லை. பழைய வீடு இருந்த இடத்துக்குப் போகலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். பிறகு பெட்டியைத் திறந்து, சேலைக்கு நடுவில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்தாள். பித்தளை ஆழாக்கு. கல்யாணத்தின்போது அம்மா அவளுக்குக் கொடுத்து அனுப்பியது, அம்மா கல்யாணத்துக்கு அவர் வீட்டில் கொடுத்தது. 1974 என்று வெட்டியிருந்தது, அம்மா பேருக்கு முன்னால் எங்கள் தாத்தாவின் இனிஷியல். நான் அதைப் பார்த்ததே இல்லை. சிங்கப்பூரில் இத்தனை வருஷமும் அதில்தான் அரிசி அளந்திருக்கிறாள்.

என் கையில் வைத்தாள். "இதையும் எடைக்குப் போட்டுடாதே."

நோட்டை எடுத்தேன். எண் 412, எடை 290 கிராம் என்று எழுதும்போது அவள் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அரிசிப் பானையைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"மூணு போதுமாடா?"

"நாலா போடுக்கா, ராத்திரிக்கும் ஆகும்" என்றேன்.